ஆஸ்பத்திரி அவசரத்துக்குப் போனதுக்கும் ஓவர் ஸ்பீடு சலானா? கட்டுவதா, எதிர்ப்பதா... முடிவெடுக்கும் முன் இதைப் படிங்க!

இரவு ஒன்றரை மணி. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வியர்த்துக் கொட்டுகிறது. வேளச்சேரியில் இருந்து கார் கிளம்புகிறது. அண்ணா சாலையில் ஆளே இல்லை. கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்துகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்தாச்சு, அப்பாவும் பிழைத்துவிட்டார். நான்காவது நாள் மகனின் செல்போனுக்கு ஒரு எஸ்எம்எஸ். 60 கி.மீ. வரம்புள்ள சாலையில் 80 கி.மீ. வேகம். அபராதம் 1,000 ரூபாய்.

இது ஒரு கற்பனை உதாரணம்தான். ஆனால் ஸ்பீடு கேமராவும் ஸ்பீடு கன்னும் பெருகிவிட்ட ஊர்களில் இதுபோன்ற மெசேஜ் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். வந்ததும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். "ஆயிரம் ரூபாதானே, கட்டிட்டு வேலையைப் பாரு" என்பது ஒரு கட்சி. "உயிர் போற அவசரத்துல போனதுக்கு எதுக்குக் கட்டணும்? கோர்ட்ல பாத்துக்கலாம்" என்பது இன்னொரு கட்சி.

யார் சொல்வது சரி? இரண்டு பேருமே ஒரு விஷயத்தை கவனிக்கவில்லை. இங்கே பிரச்சினை அந்த ஆயிரம் ரூபாய் இல்லை.

கட்டினாலும் கணக்கில் ஏறும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 183தான் அதிவேகத்துக்கான தண்டனைப் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, கார் போன்ற இலகுரக வாகனத்துக்கு அபராதம் குறைந்தது 1,000 ரூபாய், அதிகபட்சம் 2,000. நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 வரை.

இது முதல் தடவைக்கு. இரண்டாவது தடவை மாட்டினால் சட்டம் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை, லைசென்ஸைப் பற்றிப் பேசுகிறது. டிரைவிங் லைசென்ஸ் கைப்பற்றப்பட்டு ஆர்டிஓ-வுக்கு அனுப்பப்படும். அங்கே விசாரணை நடந்து, மூன்று மாதம் வண்டி ஓட்டத் தடை வரலாம். அதன் பிறகும் தொடர்ந்தால் லைசென்ஸே ரத்தாகலாம்.

"நான்தான் ஸ்பாட்ல பணம் கட்டி முடிச்சிட்டேனே, அது எப்படி முதல் குற்றமா எண்ணப்படும்?" என்று கேட்பீர்கள். முன்பு இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 2019 திருத்தம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. நீதிமன்றம் போகாமல் இணக்கக் கட்டணம் கட்டி முடிக்கும் வசதியைத் தருவது பிரிவு 200. ஆன்லைனில் நாம் கட்டுவது இந்தக் கட்டணம்தான். அந்தப் பிரிவில் இப்போது ஒரு வரி சேர்ந்திருக்கிறது: பணம் கட்டி முடித்த குற்றமும், அடுத்த தடவை மாட்டும்போது முந்தைய குற்றமாகவே கருதப்படும். லைசென்ஸ் மீதான நடவடிக்கையில் இருந்தும் அந்தப் பணம் உங்களைக் காப்பாற்றாது.

அதாவது, ஜிபே-யில் ஆயிரம் ரூபாய் தட்டிவிடும்போது, 'ஆமா, நான் அதிவேகத்தில் போனேன்' என்ற பதிவும் சேர்ந்தே போகிறது. மாதத்துக்கு இரண்டு தடவை கார் எடுப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. கால் டாக்ஸி ஓட்டுபவருக்கு, லோடு ஆட்டோ ஓட்டுபவருக்கு, பைக்கில் டெலிவரி செய்பவருக்கு? மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை என்றால் மூன்று மாதம் அடுப்பு எரிவது கஷ்டம்.

அதனால் முதல் கேள்வி 'எவ்வளவு' என்பதல்ல. 'இந்தப் பதிவு என் பெயரில் இருக்கலாமா, கூடாதா' என்பதுதான்.

அதுக்கு முன்னாடி, இது உண்மையான சலானா?

சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். போலி இ-சலான் மெசேஜ்கள் ஏராளமாகச் சுற்றுகின்றன. வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைலாக சலான் வந்தால் அது மோசடி, தொடவே வேண்டாம். எஸ்எம்எஸ்-ல் உள்ள லிங்க்கை அழுத்தாமல், நீங்களாகவே பரிவாஹன் இ-சலான் தளத்துக்குப் போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். முகவரி 'ஜிஓவி டாட் ஐஎன்' என்று முடிய வேண்டும். அங்கே சலான் இல்லை என்றால் பதற்றப்படத் தேவையில்லை.

இருந்தால், கட்டும் பட்டனை அழுத்துவதற்கு முன் படத்தையும் விவரத்தையும் டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு வாதம், ரெண்டு பாதை

சலானை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 'சலானே தப்பு' என்பது ஒன்று. 'வேகமாகப் போனது உண்மை, ஆனால் காரணம் இருந்தது' என்பது இன்னொன்று.

முதலாவது நிரூபணமானால் சலான் ரத்தாகும். இரண்டாவது பெரும்பாலும் தண்டனையைக் குறைக்கக் கேட்கும் வேண்டுகோள்தான். இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் சிக்கல் வரும். "கேமரா தப்பா காட்டுது, நான் அவ்ளோ வேகமா போகலை. அப்பாவுக்கு நெஞ்சுவலி, அதனாலதான் வேகமா போனேன்." இப்படி எழுதியதைப் படிக்கும் அதிகாரி எந்த வரியை நம்புவார்? ஆஸ்பத்திரி சீட்டை ஆதாரமாக வைத்த உடனேயே, 'வேகமாகப் போனேன்' என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

அதனால் வரிசை முக்கியம். முதலில் சலானை அலசுங்கள். அதில் ஓட்டை இல்லை என்றால் மட்டும் காரணத்தைக் கையில் எடுங்கள்.

சலானில் என்னென்ன பார்க்கணும்?

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஆகஸ்டில் 167-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. கேமரா, ஸ்பீடு கன் போன்ற மின்னணுக் கருவிகளை வைத்துப் போடும் சலான் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது இதுதான். வாகன ஓட்டிகளுக்கு மிகவும் உதவும் விதி, ஆனால் பலருக்கும் தெரியாத விதி.

குற்றத்தைக் காட்டும் படம் இருக்க வேண்டும், அதில் நம்பர் பிளேட் தெரிய வேண்டும். கருவி பதிவு செய்த வேகம் எவ்வளவு, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், எந்தச் சட்டப்பிரிவு என்பதெல்லாம் சலானில் இருக்க வேண்டும். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 65-பி சான்றிதழ். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமில் பிரிவு 63. கருவிக்கு மாநில அரசு நியமித்த அமைப்பின் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 'இந்தப் பகுதி கண்காணிப்பில் உள்ளது' என்ற எச்சரிக்கைப் பலகை அந்த இடத்துக்கு முன்பே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

இதில் ஏதாவது ஒன்று குறைந்தால் சலான் தானாகச் செத்துவிடும் என்று யாராவது யூடியூபில் சொன்னால் நம்பாதீர்கள். அது உங்கள் வாதத்துக்கு ஒரு பிடிமானம், அவ்வளவுதான். ஆனால் நல்ல பிடிமானம். கருவியின் சான்று எந்தத் தேதி வரை செல்லும் என்று கேட்பது உங்கள் உரிமை. தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அதையே கேள்வியாகக் கேட்கலாம்.

கருவியே இல்லாமல், போலீஸ்காரர் ஒருவர் கண்ணால் பார்த்து "நீ ஓவர் ஸ்பீடு" என்று சொன்னால்? அதற்கும் பிரிவு 183-லேயே பதில் இருக்கிறது. ஒரே ஒரு சாட்சியின் அபிப்பிராயத்தை மட்டும் வைத்து அதிவேகக் குற்றத்தில் தண்டிக்க முடியாது. அந்த அபிப்பிராயம் இயந்திரக் கருவி அல்லது மின்னணுக் கருவி காட்டிய அளவை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும்.

அடுத்து, வேக வரம்பு. அந்த இடத்தில் உங்கள் வண்டிக்கு வரம்பு எவ்வளவு? சென்னைவாசிகளுக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 2023 ஜூனில் மாநகரில் பகலில் 40 கி.மீ., இரவில் 50 கி.மீ. தாண்டினால் அபராதம் என்று ஸ்பீடு ரேடார்கள் வைக்கப்பட்டன. 'நாற்பதில் கிண்டி பாலத்தை எப்படி ஏறுவது' என்கிற ரேஞ்சுக்கு எதிர்ப்பு கிளம்பியது. பிறகு அதே ஆண்டு நவம்பரில் புதிய வரம்புகள் வந்தன: கார்களுக்கு 60, பைக்குகளுக்கும் கனரக வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வண்டிகளுக்கும் 30. ஒரே சாலையில் ஒரே வேகத்தில் போகும் காரும் பைக்கும் சட்டப்படி வேறு வேறு. 58-ல் போன கார் தப்பிக்கும், பக்கத்திலேயே 58-ல் போன பைக் மாட்டும். உங்கள் சலானில் வாகன வகை சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்று, அது உங்கள் வண்டிதானா? நம்பர் பிளேட்டில் 3-ம் 8-ம் கேமராவுக்குக் குழம்பலாம். உங்கள் எண்ணைப் போலியாக மாட்டிக்கொண்டு யாரோ சுற்றலாம். படத்தில் வண்டியின் நிறம், மாடல், ஸ்டிக்கர், பம்பரில் உள்ள கீறல் வரை பாருங்கள். அந்த நேரத்தில் வண்டி வேறு இடத்தில் இருந்தது என்பதற்கு ஃபாஸ்டேக் பதிவு, பார்க்கிங் ரசீது, அபார்ட்மென்ட் சிசிடிவி எல்லாம் கைகொடுக்கும்.

வண்டியை விற்றுவிட்டீர்கள், ஆனால் ஆர்சி இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறது என்றால் சலான் உங்களுக்குத்தான் வரும். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்டிஓ-வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். விற்ற ரசீதையாவது பத்திரமாக வைத்திருந்தால் அதை வைத்துப் பேசலாம்.

நீங்கள் ஓட்டவில்லை, தம்பி ஓட்டினார் என்றால்? யார் ஓட்டினார்கள் என்ற விவரத்தை போலீஸ் கேட்டால் கொடுப்பது உரிமையாளரின் கடமை. உண்மையில் ஓட்டியவரின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். 'லைசென்ஸ் வச்சு வண்டியே ஓட்டாத அம்மா பேரைக் கொடுத்துடலாம்' என்ற ஐடியா சில வீடுகளில் ஓடும். ஆயிரம் ரூபாய் விஷயத்தைப் பொய்த் தகவல் வழக்காக மாற்றும் ஐடியா அது.

'உயிர் போற அவசரம்' என்பதை சட்டம் ஏற்குமா?

நம்ம உதாரணத்துக்கு வருவோம். படம் தெளிவு, வண்டி நம்முடையது, வேகம் 80, பலகையும் இருக்கிறது. சலானில் ஓட்டை எதுவும் இல்லை. மிச்சம் இருப்பது அப்பாவின் நெஞ்சுவலி மட்டும்தான்.

நேரடியான பதில் கசப்பானது. தனியார் காரில் நோயாளியை ஏற்றிச் சென்றால் வேக வரம்பு கிடையாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற அவசர ஊர்திகளுக்குத்தான் 2017-ம் ஆண்டு ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் சலுகை தருகின்றன. அதுவும் உயிர் காக்கும் அவசரத்தில், மற்றவர்களின் பாதுகாப்பைக் கவனித்து ஓட்டும்போதுதான். ஹசார்டு லைட்டைப் போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தால் நம்ம கார் ஆம்புலன்ஸ் ஆகிவிடாது.

விபத்தில் அடிபட்டவரை ஏற்றிச் சென்றவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறதே? இருக்கிறது, பிரிவு 134-ஏ. ஆனால் அது உதவி செய்யும்போது அடிபட்டவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் உதவியவர் மீது வழக்கு பாயக் கூடாது என்பதற்கானது. வேக சலானுக்கான விலக்கு அல்ல.

அப்படியென்றால் சட்டத்தில் இரக்கமே இல்லையா? ஒரு பொதுவான வாசல் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 19, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 81. தீங்கு செய்யும் நோக்கமில்லாமல், நல்லெண்ணத்தோடு, வேறொரு பெரிய தீங்கைத் தடுப்பதற்காகச் செய்த செயல் குற்றமாகாது என்கிறது இது. இதுபோன்ற பொது விதிவிலக்குகள் மற்ற சிறப்புச் சட்டக் குற்றங்களுக்கும் பொருந்தும். ஆக, நெஞ்சுவலி வாதத்தை நீதிமன்றத்தில் வைக்கலாம். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

இங்கேதான் ஒரு சங்கடமான கேள்வி வரும். "வேறு வழி இருக்கலையா? 108-ஐக் கூப்பிட்டீங்களா?" 2008 செப்டம்பரில் இருந்து தமிழ்நாட்டில் 108 ஓடிக்கொண்டிருக்கிறது. அழைத்தும் தாமதமானது என்று செல்போன் கால் பதிவு காட்டினால் உங்கள் வாதம் பல மடங்கு வலுவாகும். கூப்பிடவே இல்லை என்றால் அதற்கு நியாயமான பதில் தயாராக வேண்டும்.

இரண்டாவது கேள்வி இன்னும் சங்கடம்: அந்த வேகத்தால் எவ்வளவு நேரம் மிச்சமானது? கணக்குப் போட்டுப் பாருங்கள். அண்ணா சாலையில் மூன்று கிலோமீட்டர் தூரத்தை 60-ல் போனால் மூன்று நிமிடம். 80-ல் போனால் இரண்டேகால் நிமிடம். மிச்சம் 45 விநாடி. அதற்கு விலையாக, மோதினால் வண்டி கொண்டுபோகும் ஆற்றல் கிட்டத்தட்ட 78 சதவீதம் கூடுகிறது. பின் சீட்டில் அப்பா இருக்கிறார். நள்ளிரவில் பஸ் ஸ்டாப்பில் இருந்து சாலையைக் கடக்கும் இன்னொருத்தர் அப்பாவும் இருக்கலாம்.

இதைச் சொல்வது அந்த மகனைக் குற்றம் சாட்ட அல்ல. அந்த நேரத்தில் யார் கணக்குப் போடுவார்கள்? ஆனால் நீதிபதி போடுவார். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி, அந்த ஆண்டு நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71 சதவீத மரணங்களுக்குக் காரணம் அதிவேகம். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள். இந்த எண்கள் இருக்கும்போது 'அவசரம்' என்ற ஒரே வார்த்தையை எந்த நீதிமன்றமும் சுலபமாக ஏற்காது.

எல்லா அவசரமும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரசவ வலி, பாம்புக்கடி, பின்னாலேயே ஒரு கும்பல் துரத்தியது என்பதெல்லாம் ஒரு ரகம். தேர்வுக்கு லேட், ரயிலுக்கு லேட், முகூர்த்தத்துக்கு லேட் என்பது வேறு ரகம். இரண்டாவது ரகத்தை எழுதாமல் இருப்பதே நல்லது. 'எல்லாரும் அந்த வேகத்துலதான் போனாங்க' என்பதும் எடுபடாது, மாட்டியது நீங்கள்தான். 'என் மீட்டர்ல 60தான் காட்டுச்சு' என்பதும் பலவீனம்தான். கார் மீட்டர்கள் பொதுவாக உண்மை வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும்.

காரணம் ஜெயித்தால் என்ன கிடைக்கும்?

இங்கே ஒரு வேடிக்கை. சட்டம் 'குறைந்தது 1,000' என்று சொல்லிவிட்டதால், குற்றவாளி என்று முடிவான பிறகு அதற்குக் கீழே குறைக்க இடமில்லை. போலீஸ் அதிகாரிக்கும் அந்த அதிகாரம் கிடையாது. இணக்கக் கட்டணம் என்பது மாநில அரசு அரசாணையில் நிர்ணயித்த தொகை. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அது உயர்த்தப்பட்டது. பேரம் பேச முடியாது. ஆக, காருக்கு ஏற்கனவே 1,000 ரூபாய்தான் போட்டிருக்கிறார்கள் என்றால், உங்கள் காரணம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் பணத்தில் குறைய ஒன்றும் இல்லை. முழுசாக விடுதலை, அல்லது முழு ஆயிரம். நடுவில் ஒன்றும் கிடையாது.

அப்போது காரணத்துக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது, வேறொரு இடத்தில். லைசென்ஸை முடக்கும் முன் ஆர்டிஓ உங்கள் தரப்பைக் கேட்டே ஆக வேண்டும் என்கிறது பிரிவு 19. விளக்கம் திருப்தியாக இருந்தால் உங்களை விடுவிக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. முடிவு எதிராகப் போனால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 'ஏன் வேகமாகப் போனாய்' என்ற கேள்விக்குச் சட்டமே நாற்காலி போட்டு உட்கார வைக்கும் இடம் அதுதான். அதனால் இன்று ஆயிரத்தைக் கட்டிவிட்டாலும், ஆஸ்பத்திரி சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இரண்டு வருடம் கழித்து இன்னொரு சலான் வந்து லைசென்ஸ் விஷயமாக ஆர்டிஓ முன் நிற்க நேர்ந்தால், அந்தச் சீட்டு பேசும்.

அப்போ யார் கட்டணும், யார் எதிர்க்கணும்?

எங்கள் கணிப்பு இதுதான். சலானில் தவறில்லை, இது முதல் தடவை, வண்டி ஓட்டுவது பிழைப்பு இல்லை என்றால் கட்டிவிடுவது நல்லது. எதிர்த்தால் நீதிமன்றத்துக்கு ஒரு நாளோ மூன்று நாளோ லீவு போட வேண்டும், ஜெயிப்பதும் நிச்சயமில்லை. மனசு கேட்கவில்லை என்றால் கட்டுவதற்கு முன் ஒரு புகார் மனு போட்டுப் பாருங்கள், அதற்குச் செலவில்லை.

வண்டி, இடம், வேகம், வாகன வகை எதிலாவது தவறு இருந்தால் தொகை சின்னது என்று விட்டுவிடாதீர்கள். செய்யாத குற்றத்துக்குப் பணம் கட்டினால், முன்பே சொன்ன அந்தப் பதிவு உங்கள் பெயரில் ஏறும். நாளைக்கு உண்மையாகவே மாட்டும்போது அது 'இரண்டாவது' ஆகிவிடும்.

ஏற்கனவே ஒரு வேக சலான் கட்டியவர்கள், ஸ்டியரிங் பிடித்துச் சாப்பிடுபவர்கள், உண்மையான உயிர் அவசரமும் அதற்கு நேரம் பதிவான ஆதாரமும் கையில் இருப்பவர்கள்: நீங்கள் எதிர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஒரு வழக்கறிஞரிடம் அரை மணி நேரம் பேசிவிட்டு இறங்குங்கள்.

சம்பளத்துக்கு ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று. 'பத்து நிமிஷத்துல டிரிப் அடிக்கணும்', 'இந்த நேரத்துக்கு ஸ்டாண்டுல நிக்கணும்' என்று முதலாளி நேரம் குறித்துக் கொடுத்து, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போகவே முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த டைம் டேபிளே முதலாளி குற்றம் செய்தார் என்பதற்கு முதல்நிலை ஆதாரம். இது பிரிவு 183-ல் அப்படியே இருக்கிறது. மினி பஸ், கம்பெனி வேன், டெலிவரி வேலை செய்பவர்கள் இந்த மெசேஜ்களையும் டிரிப் ஷீட்டையும் அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் சலானை இது ரத்து செய்யாது. ஆனால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ள உதவும். இந்தப் பிரிவை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது ஆச்சரியம்தான்.

எப்படி எதிர்ப்பது?

பரிவாஹன் இ-சலான் தளத்திலேயே புகார் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. சலான் போட்ட போக்குவரத்து காவல் பிரிவுக்கு நேரிலும் எழுத்து மூலம் கொடுக்கலாம். சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போய்விட்டால், அந்தத் தளத்தில் இரண்டு வழி காட்டும்: அபராதத்தைக் கட்டுகிறேன், அல்லது வழக்கை எதிர்க்கிறேன். எதிர்க்கிறேன் என்று கொடுத்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும், நேரில் போக வேண்டியிருக்கும்.

கடைசித் தேதி சலானிலேயே இருக்கும். அதைத் தாண்ட விடாதீர்கள். பேசாமல் இருப்பது எதிர்ப்பு ஆகாது. எஃப்சி, பெயர் மாற்றம் என்று ஆர்டிஓ வாசலுக்குப் போகும் நாளில் நிலுவைச் சலான் குறுக்கே நிற்கும். '2023-ல் கர்நாடகாவில் பாதிக்குப் பாதி தள்ளுபடி கொடுத்தாங்களே, நம்ம ஊர்லயும் வரும்' என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அது அந்த மாநில அரசு அந்த நேரத்தில் எடுத்த முடிவு. அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

மனுவை நீட்டி முழக்காதீர்கள். இந்த அளவு போதும்:

"ஐயா, எனது காருக்கு அதிவேகத்துக்கான சலான் வந்துள்ளது. அன்று இரவு 1.20 மணிக்கு என் தந்தைக்கு நெஞ்சுவலி ஏற்பட்டது. 1.22-க்கு 108-ஐ அழைத்தேன். வண்டி வரத் தாமதமாகும் என்று தெரிந்ததால் என் காரில் அழைத்துச் சென்றேன். 1.52-க்கு அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். கால் பதிவு, சேர்க்கைச் சீட்டு, இசிஜி நகல் இணைத்துள்ளேன். வேகத்தை மறுக்கவில்லை. இதுவரை என் மீது வேறு போக்குவரத்துச் சலான் இல்லை. சூழ்நிலையைக் கருதி சலானை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இதில் அழுகையைவிட நேரம்தான் பேசுகிறது என்பதைக் கவனியுங்கள். இசிஜி தாளில் தேதியும் நேரமும் பொதுவாக அச்சாகியிருக்கும். அந்தத் தாளின் மை நாளாக ஆக மங்கிவிடும் என்பதால் இன்றே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். புகார் பதிவானதும் வரும் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பதில் வரும் வரை பணம் கட்ட வேண்டாம். ஆனால் சலானில் உள்ள கடைசித் தேதி நெருங்கியும் பதில் இல்லை என்றால், கட்டுவதா, கோர்ட்டுக்குப் போவதா என்பதை அந்தத் தேதிக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.